கொதித்த மால்ட் சாற்றை ஆற்றும் செம்புச் சுருள்

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டில் 20 லிட்டர் பீர் காய்ச்சுகிறேன். கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை ஆற்றும் செம்புச் சுருளை நானே செய்யலாமா? குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறதே?

பதில்: தாராளமாகச் செய்யலாம். சுருளைச் சூடான சாற்றில் மூழ்கவைத்து, அதன் உள்ளே தண்ணீரை ஓடவிட்டுச் சாற்றை ஆற்றுவதுதான் முறை. ஏசி வேலைக்கு வாங்கும் 3/8 அங்குல மென்செம்புக் குழாய் 10 மீட்டர் போதும். வளைக்கும் முன் உள்ளே பொடியுப்பை இறுக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள். வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கும், நீரோட்டம் தடைபடும். சிறிய பானை ஒன்றைச் சுற்றி வளைத்தபின் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து போய்விடும்.

ஹோஸ் மாட்டும் இடங்கள் பாத்திரத்துக்கு வெளியேதான் இருக்கவேண்டும். இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹோஸை இறுக்கும் கிளாம்ப் கசிந்தால் காய்ச்சாத தண்ணீர் சாற்றில் சொட்டும், மொத்தமும் புளித்துப்போகலாம். வெளியேறும் நீர் கொதிக்கக் கொதிக்க வரும் என்பதால் சிலிக்கோன் ஹோஸே நல்லது.

வினிகரில் கழுவிய சுருளைக் கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே உள்ளே இறக்குங்கள், கிருமி செத்துவிடும்.

உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரிக்குக் குறையாது. சாறும் அதற்குக் கீழே போகாது. ஆகவே சாறு 40 டிகிரிக்கு இறங்கும் வரை சுருளில் குழாய்த் தண்ணீரை விடுங்கள். பிறகு வாளியில் 6, 7 கிலோ ஐஸும் தண்ணீரும் வைத்து, அந்தத் தண்ணீரை மீன்தொட்டி பம்பால் சுருளுக்குள் சுற்றவிடுங்கள். 20 டிகிரிக்கு வந்துவிடும். தொடக்கத்திலேயே ஐஸைப் போட்டால் வீண். சுருளை அடிக்கடி அசைத்துக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் அதையொட்டிய சாறு மட்டுமே குளிரும்.