குளிர்காலத்துக்குப் பெற்றோரைத் தாய்லாந்துக்கு அழைப்பவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பாங்காக்கில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியுள்ள நிலையில், ஊரிலிருந்து அம்மாவையும் அப்பாவையும் குளிர்காலம் முழுவதும் இங்கே வைத்துக்கொள்ள விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். எந்த மாதத்தில் எங்கே தங்கவைப்பது, இந்நாட்டுத் திருவிழாக்களில் வெளியார் கலந்துகொள்ளலாமா, சைவ உணவு மட்டுமே உண்ணும் அம்மா என்ன சாப்பிடுவார், மூச்சிரைப்பு உள்ள அப்பாவுக்கு இந்தக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். இங்கே குடியேறி நெடுங்காலம் ஆனவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் திட்டமும் அதைப் பொறுத்தே அமைய வேண்டும். நவம்பரில் தொடங்கும் குளிர்காலம் பிப்ரவரி நடுப்பகுதியோடு முடிந்துவிடும். பாங்காக்கில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 20 அல்லது 21 டிகிரிக்கு இறங்கும் வெப்பம் நண்பகலில் 31க்கு ஏறிவிடும். வடக்கே சியாங் மாயில் இரவுகள் 15 டிகிரியை ஒட்டியிருக்கும். நாட்டின் மிக உயர்ந்த மலையான, 2,565 மீட்டர் உயரமுள்ள தோய் இந்தனோன் உச்சியில் சில விடியல்களில் புல் நுனியில் உறைபனி படியும். அதைப் பார்க்கவே பாங்காக் மக்கள் கம்பளி உடையோடு வண்டி ஏறுவார்கள். ஆனால் பிப்ரவரி பிறந்ததும் வடக்கில் வயல்களிலும் காடுகளிலும் தீ வைக்கத் தொடங்குகிறார்கள். மலைகள் சூழ்ந்த சியாங் மாய்ப் பள்ளத்தாக்கில் அந்தப் புகை வெளியேற வழியின்றித் தங்கி, மார்ச்சில் மிகக் கடுமையாகிவிடும். பாங்காக்கிலும் ஜனவரி மாதத்துக் காற்றில்லாத நாட்களில் நுண்தூசி தேங்குவதுண்டு. ஆகவே நவம்பரைப் பாங்காக்கிலும், டிசம்பர் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரையுள்ள நாட்களைச் சியாங் மாயிலும் கழித்துவிட்டு, அதன்பின் கிராபி, திராங் போன்ற அந்தமான் கடலோர ஊர்களுக்கு அவர்களை அழைத்துச் செல்வதே அப்பாவின் நெஞ்சுக்கு நல்லது. கிழக்குக் கரையிலுள்ள சாமுய் தீவை மட்டும் நவம்பர், டிசம்பரில் தேர்ந்தெடுக்க வேண்டாம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் அதே வடகிழக்குப் பருவமழை அப்போது அங்கேயும் கொட்டிக்கொண்டிருக்கும்.

திருவிழாக்களில் வெளியார் கலந்துகொள்ளலாமா என்று தயங்க வேண்டிய தேவையே இல்லை. குளிர்காலத் திருவிழாக்களில் பெரும்பாலானவை கோயிலிலும் ஆற்றங்கரையிலும் நடப்பவை. அங்கே யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாத முழுநிலவில் வரும் லோய் கிரதோங் அவற்றில் முதலாவது. பெரும்பாலும் நவம்பரில் வரும், சில ஆண்டுகளில் நம் கார்த்திகைத் தீபமும் அதே முழுநிலவில் அமையும். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, அதைச் சுற்றி வாழையிலையை மடித்துக் குத்தி, பூவும் மெழுகுவர்த்தியும் மூன்று ஊதுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். ஆண்டு முழுவதும் நீரைப் பயன்படுத்தியதற்கும் அழுக்காக்கியதற்கும் கங்கை அன்னையிடம் மன்னிப்புக் கேட்பதே அதன் பொருள் என்று இவர்கள் சொல்லக் கேட்டால் உங்கள் அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. சுற்றுலாக்காரர்களுக்காகப் பெரிய விடுதிகள் நடத்தும் விருந்தோடு கூடிய நிகழ்ச்சிகளுக்குப் பணம் கட்டாமல், உங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள கோயில் குளத்துக்கோ கால்வாய்ப் படித்துறைக்கோ அழைத்துச் செல்லுங்கள். கிரதோங் எனப்படும் அந்த மிதவையைக் கடையில் வாங்காமல், காலையில் சந்தைக்குப் போய் வாழைத்தண்டும் சாமந்தியும் வாங்கி வந்து அம்மாவையே செய்யச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தாமாகவே வந்து உட்கார்ந்து மடிப்புச் சொல்லித் தருவார்கள். மொழி தெரியாத ஊரில் ஒரு மூத்த பெண்மணிக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதே முழுநிலவை ஒட்டிச் சியாங் மாயில் யீ பெங் என்ற பெயரில் காகித விளக்குகளை வானில் பறக்கவிடுகிறார்கள். அழகுதான், ஆனால் அந்த நாட்களில் நகரமே நெரிசலில் திணறும். முதியவர்களோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே நாட்களில் பாங்காக்கின் வாட் சகேத் கோயிலில், பொன்மலை என்று வழங்கும் குன்றின் உச்சியிலுள்ள சேதியம் என்னும் தூபிக்குச் செந்துணி சுற்றி, அடிவாரத்தில் பழைய காலத்துக் கோயில் சந்தை கூடும். 300க்கும் மேற்பட்ட படிகள் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து வேடிக்கை பார்க்கலாம். டிசம்பர் 31 இரவு வாணவேடிக்கைக்கு முண்டியடிப்பதைவிட, ஏதாவது ஒரு புத்தர் கோயிலில் நள்ளிரவைத் தாண்டி நடக்கும் கூட்டு ஓதலில் அமர்வது எனக்கு மிகப் பிடித்தமானது. மண்டபம் முழுவதும் தலைக்கு மேல் வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன் வழியே ஆசி இறங்குவதாக நம்பி, குழந்தைகள் உட்பட எல்லாரும் கைகூப்பி இருப்பார்கள். பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் மாக பூசை என்னும் பௌத்தப் புனித நாளில் தாமரை மொட்டும் விளக்கும் ஏந்திக் கோயிலை மூன்று முறை வலம்வரும் வழக்கத்தில் உங்கள் பெற்றோரும் சேர்ந்துகொள்ளலாம். தோளும் முழங்காலும் மறைந்திருந்தால் போதும்.

பாங்காக்கில் தமிழர் தவறவிடக் கூடாத ஒன்றும் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது. பெரிய ஊஞ்சல் என்னும் சிவந்த தேக்குத் தூண்களுக்கு அருகே, 1784ஆம் ஆண்டில் முதலாம் ராமா மன்னர் காலத்தில் கட்டப்பட்ட தேவஸ்தானம் என்னும் பிராமணக் கோயில் இருக்கிறது. நம் மார்கழியை ஒட்டி, திருவெம்பாவையின் பெயரைத் தாங்கிய திரியம்பாவாய் என்னும் வழிபாட்டை அரண்மனைப் பிராமணர்கள் அங்கே நடத்துகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த பாடல்கள், பல தலைமுறைகளாகத் தமிழ் அறியாத நாவில் உருமாறி, இன்றும் அங்கே ஓதப்படுகின்றன. உயரத்தில் ஊஞ்சலாடும் சடங்கு 1930களிலேயே நின்றுவிட்டது. உள்ளே நடக்கும் பூசை நிற்கவில்லை. சீலோமில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் ஏற்கெனவே போயிருப்பீர்கள். இதையும் பார்க்கச் செய்யுங்கள்.

இனி அம்மாவின் சாப்பாடு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதியிருக்கும் கடை எதுவானாலும் அவர் நம்பி உண்ணலாம். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இராது, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் கறி வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதாது. மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் கலந்திருக்கும், தெளிந்த சாறு என்று தருவதும் பெரும்பாலும் பன்றி எலும்பில் காய்ச்சியதாகவே இருக்கும். 'கின் ஜே' என்ற இரண்டு சொற்களை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். அந்தச் சொற்களைக் கேட்டதும் தன்னால் சமைத்துத் தர முடியுமா முடியாதா என்று கடைக்காரர் நேர்மையாகச் சொல்லிவிடுவார்.

குளிர்காலத்துக்கே உரிய தின்பண்டங்களில் அம்மாவுக்கு ஏற்றவை நிறைய உண்டு. புது அறுவடை ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலும் கறுப்புப் பயறும் கலந்து மூங்கில் குழாயில் அடைத்துக் கரி நெருப்பில் சுட்ட காவ் லாம், இஞ்சிச் சாற்றில் மிதக்கும் எள் பூரணம் வைத்த உருண்டைகள், குழிகளில் ஊற்றி எடுக்கும் நம் பணியாரம் போன்ற கனோம் குரோக் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே வாங்கிக் கொடுங்கள். சியாங் மாயில் பச்சை மிளகாயைச் சுட்டு இடித்த நாம் பிரிக் நும் என்னும் துவையலை, மீன் சாறு சேர்க்காமல் கேட்டு வாங்கி, வேகவைத்த காய்களோடு கொடுத்துப் பாருங்கள். தென்தமிழ்நாட்டு நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும். வடக்கு மலைகளில் அபின் பயிருக்கு மாற்றாக 1969இல் தொடங்கிய அரசத் திட்டத்தின் விளைவாக, ஸ்ட்ராபெரியும் குளிர்நாட்டுக் கீரைகளும் இப்போது டிசம்பர் சந்தையில் குவிகின்றன. காலை எட்டு மணிக்கு முன்பே போனால் மலைவாழ் பெண்களே கொண்டுவந்து விற்பதை வாங்கலாம். மீன் உண்ணும் அப்பாவுக்கு எந்தக் குறையும் வராது. அவருக்குக் காவ் சோய் என்னும் தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸை ஒரு முஸ்லிம் கடையில் வாங்கிக் கொடுங்கள். சீனாவின் யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரோடு சேர்ந்து வந்த உணவு அது, அவர்கள் கைப்பக்குவம் தனி. இரண்டு வாரத்துக்குப் பிறகு ரசம் சோற்றுக்கு ஏங்குவார்கள் என்பதால், பாங்காக் பாஹுரத் கடைவீதியிலிருந்து பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு, சமையலறையுள்ள வீட்டையே சியாங் மாயில் வாடகைக்கு எடுங்கள்.

விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், அவர்கள் பயணச்சீட்டு வாங்கும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 மே முதல் வெளிநாட்டவர் அனைவரும் வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அதை நீங்களே செய்து கொடுத்துவிடுங்கள். சியாங் மாய்க்கு இரவு ரயிலில் போவதாயிருந்தால், அது 2023 முதல் பாங்காக்கின் குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. டிசம்பரில் கீழ்ப்படுக்கைகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு திறந்தவுடன் இரண்டையும் எடுத்துவைத்து, குளிரூட்டிய பெட்டியில் அப்பாவுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு கெட்டிப் போர்வையைக் கைப்பையிலேயே வையுங்கள்.