ஆங்கிலத்தில் பிரெபொசிஷன் ('இன்', 'ஆன்', 'அட்' போன்ற சொல்) ஒருமுறை போதுமா?

கேள்வி: 'இன் புக்ஸ், மேகஸீன்ஸ் அண்ட் இன் லெட்டர்ஸ்' என்று எழுதினேன். தவறு என்று திருத்திவிட்டார்கள். 'இன்' இரண்டு இடத்தில் இருக்கிறதே, என்ன பிழை?

பதில்: இரண்டு இடத்தில் இருப்பதுதான் பிழை. பட்டியலில் சொற்கள் மூன்று. நடுச்சொல் மட்டும் 'இன்' இல்லாமல் நிற்கிறது. 'இன் புக்ஸ், மேகஸீன்ஸ் அண்ட் லெட்டர்ஸ்' என்று தொடக்கத்தில் ஒருமுறை எழுதுங்கள். இல்லையென்றால் 'இன் புக்ஸ், இன் மேகஸீன்ஸ் அண்ட் இன் லெட்டர்ஸ்' என்று மூன்றுக்கும் போடுங்கள். தமிழிலும் 'வீட்டிலும் பள்ளியிலும் கடையிலும்' என்போம், 'வீடு, பள்ளி, கடை ஆகியவற்றில்' என்போம். 'வீட்டில், பள்ளி, கடையில்' என்று எழுத மாட்டோமே!

ஒற்றைச் சொற்கள் என்றால் ஒருமுறையே அழகு. ஒவ்வொன்றும் நீண்ட தொடராக இருந்தால் திரும்பப் போடுங்கள். மூன்றாவது தொடருக்கு வருவதற்குள் வாசகர் முதல் 'இன்'னை மறந்திருப்பார். பொருள் மயங்கும் இடத்திலோ போட்டே ஆக வேண்டும். 'இட் டிபெண்ட்ஸ் ஆன் தி ஏஜ் ஆஃப் தி ட்ரீ அண்ட் தி சாயில்' என்றால் மரத்தின் வயதும் மண்ணுமா, மரத்தின் வயதும் மண்ணின் வயதுமா? 'அண்ட் ஆன் தி சாயில்' என்றால் மண். 'அண்ட் ஆஃப் தி சாயில்' என்றால் மண்ணின் வயது. இரண்டெழுத்துச் சொல் ஒன்று வாக்கியத்தின் பொருளையே தீர்மானிக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த அதை வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: 'போத் இன் ஸ்பீச் அண்ட் ரைட்டிங்' சரியா?

பதில்: பேச்சில் காதில் விழும், எழுத்தில் திருத்துவது நல்லது. 'போத்'துக்குப் பின் என்ன வருகிறதோ, அதே அமைப்பு 'அண்ட்'டுக்குப் பின்னும் வர வேண்டும். 'போத் இன் ஸ்பீச் அண்ட் இன் ரைட்டிங்' அல்லது 'இன் போத் ஸ்பீச் அண்ட் ரைட்டிங்'. 'ஐதர்... ஆர்', 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ' ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வேறு பிரெபொசிஷன் என்றால்?

பதில்: அப்போது எதையும் விட முடியாது. 'அட் நைட் அண்ட் தி மார்னிங்' தவறு, 'அட் நைட் அண்ட் இன் தி மார்னிங்' சரி. 'இன்ட்ரஸ்டட் அண்ட் குட் அட் மியூசிக்' என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்; 'இன்ட்ரஸ்டட்' கேட்பது 'இன்'. எனவே 'இன்ட்ரஸ்டட் இன் அண்ட் குட் அட் மியூசிக்'. 'பிட்வீன்' மட்டும் தனி ரகம்: 'பிட்வீன் யூ அண்ட் மீ'தான், 'அண்ட் பிட்வீன் மீ' கிடையாது.