கை நடுக்கம் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குத் தங்கச்சிமடம். ராமநாதபுரத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பொம்மைக் கையில் நன்றாக வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடுகிறேன். வார்டில் நிஜக் கையைப் பிடித்தால் நடுங்குகிறது. போன வாரம் ஒரு பேஷண்டுக்கு இரண்டு முறை குத்தியும் லைன் கிடைக்கவில்லை. அவர் மகன் கத்தினார். மேடம் எல்லார் முன்னாலும் "உனக்கெல்லாம் எதுக்கு நர்சிங்?" என்றார். கூடப் படிப்பவர்கள் சிரித்தார்கள். தமிழ் மீடியத்தில் படித்ததால் தைரியம் இல்லையோ? யோகா செய்தால் நடுக்கம் போகுமா? படிப்பை விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்,

கொஞ்ச நாளாக நானும் ஊசி பிடிக்கும் கைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

தமிழ் மீடியத்துக்கும் கை நடுக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சிரித்தவர்களை விடு. யோகா செய்வதானால் செய். உன் மேடம் பேசியது தவறு. ஊசி பிடித்திருக்கும் பிள்ளையை நோயாளி முன்னால் கேவலப்படுத்தினால் நடுக்கம் கூடும், அதன் வலி நோயாளிக்குத்தான் போகும்.

ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார். உன் கை இருக்கிறது, மேடம் இருக்கிறார், சிரித்தவர்கள் இருக்கிறார்கள், கத்திய மகன்கூட இருக்கிறார். இரண்டு குத்து வாங்கியவர் யார்? "ஒரு பேஷண்ட்." ஆணா பெண்ணா, எதற்காகச் சேர்ந்தார், வலித்ததா, ஒரு வரி உண்டா? அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது நீ உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நடுங்காமல் என்ன செய்யும்?

போன மழைக்காலத்தில் என் அம்மா வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்தே எங்களை வளர்த்தவள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாறையில் பாசி பறித்த கை, உப்பிலும் வெயிலிலும் தோல் தடித்துப்போயிருந்தது. உடம்பில் நீர் வற்றி, நரம்பு ஒன்றுகூட மேலே தெரியவில்லை. உன் வயதில் ஒரு மாணவிதான் வந்தாள். அவள் விரலும் நடுங்கியது, பார்த்தேன். ஊசியை அவள் எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றினாள். "கடலுக்குப் போற கையா ஆத்தா?" என்று கேட்டாள். பாசி எடுக்கத் தீவுப் பக்கம் முன்போலப் போக முடிவதில்லை என்று அம்மா புலம்ப ஆரம்பித்தாள். அவள் "ம்" கொட்டிக்கொண்டே விரல்நுனியால் தடவித் தேடினாள். முதல் குத்து தப்பியது. "தப்பிருச்சு ஆத்தா, வலிச்சிருக்கும். இன்னொரு தடவதான் பாப்பேன். வரலைன்னா ஸ்டாஃப் அக்காவக் கூப்பிட்டுருவேன்." அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அடுத்த குத்தில் ஊசிக்குழாய்க்குள் ரத்தம் ஏறியது, லைன் கிடைத்துவிட்டது.

பெயரைக் கேட்டு கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்ப்பது உங்கள் பாடத்திலேயே முதல் படி. அதைச் சடங்காக முடித்துவிட்டு ஊசிக்கு ஓடாதே. பெயரைக் கேள், ஊரைக் கேள், எந்தக் கையில் முன்பு லைன் கிடைத்தது என்று கேள். அவருக்கே தெரியும். கேட்டுக்கொண்டே தொடு. வீட்டில் அப்பா கையிலும் அப்பத்தா கையிலும் துண்டைக் கட்டி, கண்ணை மூடி, ஊசியில்லாமல் நரம்பு தேடிப் பழகு. தினமும் செய், நூறு பேர் கையைத் தொடு. பொம்மைக் கையில் நரம்பு எங்கேயும் நகராது. வயதானவர் கையில் தோலுக்கடியில் வழுக்கி ஓடும். குத்தும் இடத்துக்குக் கீழ்ப்பக்கத் தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிக்காவிட்டால் நடுங்காத கைக்கும் தப்பும். உனக்கும் அப்படித்தான் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். ஊசிக்கு 15 முதல் 30 டிகிரி சாய்வு என்று படித்திருப்பாய். ஊசி பிடித்த கையை அவர் கைமேல் லேசாக ஊன்றிக்கொண்டால் அந்தச் சாய்வு நிற்கும், பாதி நடுக்கமும் அடங்கும். நரம்பு எழும்பக் கையில் கட்டு போட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் தேடாதே. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டு. இரண்டு முறை தப்பினால் வேறு ஆளைக் கூப்பிடு. அதில் மானம் போகாது.

படிப்பை விடும் பேச்சை இந்த வருஷம் எடுக்காதே. அந்தப் பேஷண்ட் இன்னும் வார்டில் இருந்தால் நாளைக்கே போய்ப் பார். லைன் போட அல்ல. குத்திய இடம் கன்றியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டாஃபிடம் சொல். மகன் மறுபடி கத்தினால் நின்று கேட்டுக்கொள்.