கேள்வி – பதில்: சோயிங்காவின் சிறைத் தாள்கள்

கேள்வி: நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்காவை எல்லோரும் நாடகாசிரியர் என்றே குறிப்பிடுகிறார்கள். அவருடைய தன்வரலாறுகளையும் கவிதைகளையும் நாடகங்களுக்கு விளக்கவுரையாகக் கொள்ளலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கொள்ள வேண்டாம் என்பேன். 1986இல் இலக்கிய நோபல் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளரான அவர், ஒரே அனுபவத்தை மூன்று வடிவங்களிலும் எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்றில் சொன்னதை மற்றொன்றில் திருப்பிச் சொன்னதில்லை.

நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்ட 1967ஆம் ஆண்டு கைதான சோயிங்கா, 1969இல் விடுதலையாகும்வரை பெரும்பகுதியைத் தனிமைச் சிறையில் கழித்தார். எழுதத் தாள் கிடைக்கவில்லை. கையில் கிடைத்த சில புத்தகங்களின் அச்சிட்ட வரிகளுக்கு இடையே நாடகத் துண்டுகளையும் கவிதைகளையும் சிறைக் குறிப்புகளையும் கிறுக்கி வைத்தார். அந்தப் புத்தகங்களுள் ஒன்று, கைதான அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய சொந்தக் கவிதைத் தொகுப்பான 'இடான்ரே'.

அந்தக் குறிப்புகளிலிருந்து உருவான 'தி மேன் டைட்' என்ற தன்வரலாற்று நூல் 1972இல் வெளிவந்தது. அது வழக்குமன்றத்தில் நின்று பேசுகிற நூல்: ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறது, சில இடங்களில் சினம் எழுத்தை மீறிப் போய்விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டில் வந்த 'எ ஷட்டில் இன் தி கிரிப்ட்' என்ற கவிதைத் தொகுப்பிலோ அந்தச் சினம் வேறு உருக்கொள்கிறது. விவிலியத்தின் யோசேப்பு, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், ஸ்விஃப்டின் கலிவர், கிரேக்கக் காவியத்தின் யுலிசிஸ் ஆகிய நால்வரின் முகங்களை அணிந்துகொண்டு கவிஞர் பேசுகிறார். தூக்கு மேடைக்கு அழைத்துச் செல்லப்படும் ஐந்து கைதிகளைப் பற்றிய கவிதையில் காட்சியே கிடையாது. சுவர்களுக்கு நடுவே இருப்பவனுக்குக் காதுதானே மிச்சம்? காலடியோசையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எழுதியிருப்பதை எந்த வாக்குமூலமும் செய்ய முடியாது.

விடுதலைக்குப் பின் 1970இல் மேடையேறிய 'மேட்மென் அண்ட் ஸ்பெஷலிஸ்ட்ஸ்' நாடகத்தில் சோயிங்கா இருந்த சிறையும் இல்லை, சோயிங்காவும் இல்லை. மருத்துவராக இருந்து போரின்போது உளவுத்துறை அதிகாரியாக மாறிய பேரோ, தன் தந்தையையே தன் மருத்துவமனையின் நிலவறையில் அடைத்து வைத்து விசாரிக்கிறான். தன்வரலாற்றில் எதிரியாக மட்டுமே தெரிந்த சிறைக்காரனுக்கு இங்கே நாவும் நியாயமும் கிடைத்துவிடுகின்றன. அடைபட்ட கிழவரும் குற்றமற்றவர் அல்லர், போரின் உண்மையை உணர்த்துவதற்காக அதிகாரிகளுக்கு மனித மாமிசத்தைப் பரிமாறியவர் அவர். தன் வாழ்க்கையை எழுதுகிறவர் தன் பக்கத்தை விட்டு இவ்வளவு தூரம் விலகி நிற்பது கடினம். நாடகாசிரியர் என்ற பெயரே அவருக்கு நிலைத்ததற்கு இதைத்தான் காரணமாக நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? (அதே வாசகர்)

பதில்: 1981இல் வெளிவந்த 'அகே'யிலிருந்து. அபேயோகுட்டா நகரில் கழிந்த இளமைப் பருவத்தைச் சொல்லும் அந்நூலில், வரிக்கொடுமையை எதிர்த்துப் பெண்கள் அரண்மனை முன் திரளும் பகுதியைச் சிறுவனின் கண்வழியே படிக்கும்போது, மேடையமைக்கத் தெரிந்தவரின் கைவண்ணம் புலப்படும். அடுத்து 'டெத் அண்ட் தி கிங்ஸ் ஹார்ஸ்மன்' (1975). மன்னர் இறந்தபின் மரபுப்படி அவரைப் பின்தொடர்ந்து உயிர்விட வேண்டிய அவருடைய குதிரைவீரன் எலெசினை ஆங்கிலேய அதிகாரி தடுத்துவிடுகிறார். எலெசினுக்குப் பதிலாக, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று திரும்பிய அவன் மகன் உயிர் துறக்கிறான். இதைப் பண்பாடுகளின் மோதல் என்று சுருக்காதீர்கள் என முன்குறிப்பிலேயே சோயிங்கா எச்சரித்திருக்கிறார். விமர்சகர்கள் இன்றும் அப்படித்தான் சுருக்குகிறார்கள். எலெசினின் கால் தயங்கியது அதிகாரி வருவதற்கு முன்பா பின்பா என்பதைக் கவனித்துப் படியுங்கள். 'இடான்ரே'யைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இரும்பின் தெய்வமான ஓகுனைப் பற்றிய அதன் தலைப்பு நெடுங்கவிதை, சோயிங்காவின் இனத்தாரான யொரூபா மக்களின் தெய்வக் கதைகள் நாடகங்களின் வழியே ஓரளவு பழகிய பிறகே பிடிபடும்.