அம்மாவுடன் யோகோஹாமா எக்ஸ்போ: எந்த மாதம் போகலாம்?

மூட்டுவலி உள்ள அம்மாவை ஜப்பானின் யோகோஹாமா எக்ஸ்போவுக்கு ஆகஸ்ட் விடுமுறையில் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகஸ்ட் வேண்டாம். வெயிலும் புழுக்கமும் நம் ஊர் மே மாதத்துக்குச் சளைத்ததில்லை, பெரும்பாலும் வெட்டவெளியில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ஒசாகாவில் 2025-இல் நடந்த உலக எக்ஸ்போ மாதிரி அரங்கு அரங்காக நுழைந்து பார்ப்பது இதில் முக்கியமில்லை. இது தோட்டக்கலைக்கான எக்ஸ்போ. செடி, பூ, தோட்டம்தான் எல்லாம். 2027 மார்ச் 19 முதல் செப்டம்பர் 26 வரை நடக்கிறது. இடம் யோகோஹாமாவின் காமிசேயா பகுதி, 2015 வரை அமெரிக்கப் படையின் தகவல் தொடர்பு நிலையம் இருந்த நிலம். சுமார் 100 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 250 ஏக்கர். அதனால் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். அம்மா மறுத்தாலும் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் மே நடுப்பகுதிதான் சரி. மாதத் தொடக்கத்தில் ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை, கூட்டம் நெரியும். ஜூனில் மழை. மே நடுவில் ரோஜா சீசன். எக்ஸ்போவுக்கு வெளியே, நகரின் கடற்கரையோர யமாஷிதா பூங்காவில் கடலைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தே ரசிக்கலாம். அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள்.

எக்ஸ்போவுக்குப் போக, யோகோஹாமா நிலையத்திலிருந்து சோத்தெட்சு ரயிலில் மாறாமல் சேயா நிலையம் வரலாம். அங்கிருந்து பேருந்துதான், நடக்க வைக்காதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. அம்மா சைவம் என்றால் உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) சூப்பில் கவனம். காய் மட்டும் மிதந்தாலும் குழம்பு பெரும்பாலும் மீன் சாறுதான். புளிக்காய்ச்சலும் தேப்லாவும் (குஜராத்திச் சப்பாத்தி) பெட்டியில் இருக்கட்டும்.