எஞ்சின் நின்றால் விமானம் விழுமா? – கேள்வி பதில்

பாலக்கோடு, பிளஸ் டூ மாணவி: எஞ்சின் நின்றுபோனால் விமானம் அப்படியே கீழே விழுந்துவிடும்தானே சார்?

விழாதும்மா. தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கும் லாரியை நினைத்துக்கொள். (யாரும் அப்படி இறக்கித் தொலைக்காதீர்கள்.) எஞ்சின் தள்ளவில்லை, சரிவு இழுக்கிறது. விமானமும் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். வேகம் இருக்கும்வரை இறக்கை தூக்கும்.

தருமபுரி, பேருந்து ஓட்டுநர்: அப்படி எவ்வளவு தூரம் போகலாம்?

இறக்கை மேலே தூக்கும் தூக்குவிசையை, காற்று பின்னே இழுக்கும் இழுவிசையால் வகுத்தால் வருவது சறுக்கு விகிதம். ஒரு கி.மீ. உயரம் இறங்குவதற்குள் எத்தனை கி.மீ. முன்னே போகும் என்பதும் அதே எண்தான். செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஏறக்குறைய 9, பெரிய பயணிகள் ஜெட்டுக்கு 17 அளவில், எஞ்சின் இல்லாமல் சறுக்கியே பறக்கும் நல்ல கிளைடருக்கு 50க்கு மேல். ஆக, உங்கள் ஊருக்கு மேலே 10 கி.மீ. உயரத்தில் ஒரு ஜெட்டின் எஞ்சின்கள் நின்றால், எதிர்காற்று பலமாக இல்லாத நாளில் பெங்களூரு விமான நிலையம் எட்டும் தூரம்தான். நடந்தும் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் கசிந்து தீர்ந்துபோன ஏர்பஸ் ஏ330 ஒன்று, சுமார் 120 கி.மீ. சறுக்கி அசோரஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

ஓசூர், பாலிடெக்னிக் மாணவர்: மூக்கைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் தூரம் இழுக்கலாமே அண்ணா?

உயிரை வாங்குவது இந்த ஆசைதான் தம்பி. இழுவிசை இரண்டு வகை. உடம்பு காற்றைக் கிழிப்பதால் வருவது வேகம் கூடக் கூட ஏறும். தூக்குவிசையை உண்டாக்குவதற்கு இறக்கை கொடுக்கும் விலையோ, வேகம் குறையக் குறைய ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்த இழுவிசை மிகக் குறைவு; அதுதான் அதிக தூரம் தரும் வேகம். செஸ்னாவில் அது 65 நாட் சொச்சம், மணிக்கு 120 கி.மீ. அதற்குக் கீழே போனால் தூரம் குறையும். இன்னும் இழுத்தால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சரிந்துவிடும்; அதுதான் ஸ்டால். ஓடுபாதை எட்டாதென்று தெரிந்தால், எட்டுகிற வயலைப் பார்த்து அதே வேகத்தில் இறங்குவதே புத்தி.

ஊத்தங்கரை: எடை கூடினால் சீக்கிரம் இறங்கிவிடுமா?

சீக்கிரம் இறங்கும், ஆனால் தூரம் குறையாது. அதே சரிவில் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான். போட்டிக் கிளைடர்கள் இறக்கைக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்வது இதற்குத்தான்.

கிருஷ்ணகிரி: கோட்டை மலைமேல் பருந்து சிறகடிக்காமலே ஏறுகிறதே?

அதுவும் சறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெயிலில் காய்ந்த பாறையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று, பருந்து இறங்குவதைவிட வேகமாக ஏறுகிறது.

ஓசூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: உயரமான ஊரில் இந்த வேகக் கணக்கெல்லாம் மாறுமா?

வேகமானி காட்டும் எண் மாறாதுங்க ஐயா. அது அளப்பது காற்று மோதும் அழுத்தத்தை. இறக்கைக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. முள் 65 காட்டும்போது உண்மை வேகம் 68 இருக்கும், சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தரையைத் தொட்ட பிறகு ஓடும் தூரமும் அதற்கேற்ப நீளும்.