கேமிங் லேப்டாப்: எதற்கு இப்போதே காசு, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

ஒரே விலையில் இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன் சார். ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் சிப், 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. இன்னொன்றில் ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி, 512 ஜிபி. முதலாவதுதானே லாபம்? (கல்லூரி மாணவர், கோவை)

இல்லை தம்பி, இரண்டாவதை எடுங்கள். ரேமையும் எஸ்எஸ்டியையும் அடுத்த தீபாவளிக்குக்கூடக் கூட்டிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு பற்றவைத்தது. வாங்கிய அன்று எதுவோ, கடைசி வரை அதுதான். கிராபிக்ஸ் சிப்புக்கென்றே தனியாக உள்ள மெமரிதான் வி-ரேம்; அது 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. புது கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) ஏற்றி வைத்தால் 6 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். அப்புறம் படம் விட்டு விட்டுத்தான் நகரும், 32 ஜிபி ரேம் இருந்தாலும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரேம் வகை 'எல்பிடிடிஆர்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அதுவும் போர்டில் ஒட்டியதே. பிறகு கூட்ட வழியில்லை.

இன்னும் கொஞ்சம் பணம் போட்டு 4070 எடுத்தால்? (மதுரை)

லேப்டாப் 4070இலும் 8 ஜிபிதான். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம். பெயரைவிட வாட்டைப் பாருங்கள். 4060, 4070 இரண்டு சிப்புகளையும் 35 முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டலாம். லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார். மெல்லிய உடம்பில் குறைந்த வாட்டில் ஓடும் 4070ஐ, முழு வாட்டில் ஓடும் 4060 முந்திவிடும். நிறுவனத்தின் தளத்தில் 'டிஜிபி' என்ற வரியைத் தேடுங்கள், கிராபிக்ஸ் சிப்பின் வாட் அதில்தான் இருக்கும். சார்ஜர் செங்கல் மாதிரி கனக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

என்னுடையதில் 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருக்கிறது. இன்னொன்றை நானே மாட்டலாமா? (திருநெல்வேலி)

தாராளமாக. ஒற்றை ஸ்டிக் என்றால் ஒருவழிப்பாதை; இரண்டு போட்டால் பாதை அகலமாகும். பல கேம்களில் இது நன்றாகவே தெரியும். முதலில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ரேமின் தலைமுறையையும் பாருங்கள்: டிடிஆர்5 ஸ்லாட்டில் பழைய டிடிஆர்4 நுழையாது. வேகம் 4800, 5600 என்று கலந்திருந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

சார்ஜரைப் பிடுங்கி, முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டுத் திறங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு காகிதத்தில் அடிப்பாகத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று பிடிக்கும்.

மூடிவிட்டு ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கும். பதறாதீர்கள். டிடிஆர்5 புது ஸ்டிக்கோடு பழகிக்கொள்ள முதல் தடவை சில நிமிடங்கள்கூட எடுக்கும். இது தெரியாமல் நான் முதல் முறை, எரித்துவிட்டோம் என்று பயந்து, பாதியில் பவர் பட்டனை அழுத்தி நிறுத்தி, மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். ராத்திரி ஒரு மணி!

ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை) எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாகுமா? (சேலம்)

ஆகாது. ஜென் 4 விநாடிக்குச் சுமார் 7,000 எம்பி படிக்கும். கேம் லோடாக அதுவே தாராளம். ஜென் 5இல் சூடுதான் கூடுதலாகக் கிடைக்கும். பழைய டிரைவை மாற்றுவதாக இருந்தால், பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும், 144 ஹெர்ட்ஸா, 165 ஹெர்ட்ஸா? (சென்னை)

கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்று சொல்லும் பக்கத்து வரியைப் படியுங்கள். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருந்தால் சிவப்பெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி தெரியும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' உள்ளதாகத் தேடுங்கள். திரையையும் பிறகு மாற்றுவது லேசில்லை.

திறந்தால் வாரண்டி போய்விடுமா? (ஈரோடு)

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சிலர் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நாமே உடைத்ததற்கு எந்த வாரண்டியும் வராது. கழற்றிய பழைய ஸ்டிக்கையும் டிரைவையும் உடனே விற்றுவிட வேண்டாம். சர்வீசுக்கு அனுப்ப நேர்ந்தால் அவற்றை மாட்டி அனுப்பலாம்.